பெண்ணியமும் மணவாழ்வும்: மூன்று வழிகள்

ஆணும் பெண்ணும் சமம் என்று உறுதியாக நம்பும் பெண் ஒருத்தி, தமிழ்நாட்டில் தன் துணையோடு வாழ முடிவெடுத்தால், சுயமரியாதைத் திருமணம், சிறப்புத் திருமணச் சட்டப்படியான பதிவு, மணமின்றிச் சேர்ந்து வாழ்தல் ஆகிய மூன்று வழிகள் அவள் முன் இருக்கின்றன. இவற்றில் எது கொள்கைக்கு உகந்தது என்பதை நாம் பெரும்பாலும் சடங்கை வைத்தே அளக்கிறோம்; சொத்தையும் பாதுகாப்பையும் சேர்த்து அளந்தால் விடை அவ்வளவு எளிதாக இல்லை.

சடங்கை மட்டும் பார்த்தால் சுயமரியாதைத் திருமணத்துக்கு இணை இல்லை. 1929இல் செங்கல்பட்டு மாநாட்டில் பெண்களுக்குச் சமச் சொத்துரிமை கேட்ட சுயமரியாதை இயக்கத்தின் கொடை அது. இந்துத் திருமணச் சட்டத்தில் 1967இன் திருத்தம் சேர்த்த 7ஏ பிரிவின்படி, உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிலையில், தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ போதும். தாலி கட்டுவதும் ஒரு தேர்வுதான், கட்டாயமன்று. புரோகிதரும் இல்லை, மகளைத் தானமாகக் கொடுக்கும் தந்தையும் இல்லை. இத்திருமணத்தை ஊரறிய அறிவிக்க வேண்டியதில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது, குடும்பத்தை அஞ்சி மணக்கும் பெண்களுக்குப் பெரிய அரண். ஆனால் இருவரும் சட்டத்தின் பார்வையில் இந்துக்களாக இருக்க வேண்டும்.

மதம் கடந்து மணப்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமே வழி. மதச் சார்பின்மையில் அதுவே முன்னிற்கிறது. எனினும் 30 நாள் முன்னறிவிப்பு பதிவு அலுவலகத்தில் ஒட்டப்படுவதும், நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால் அங்கும் ஒரு படி அனுப்பப்படுவதும், எதிர்க்கும் பெற்றோருக்குத் தகவல் சொல்லி அனுப்புவதற்குச் சமம். வயதுவந்த பெண்ணின் முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் இந்த விதி நீக்கப்பட வேண்டும்.

சேர்ந்து வாழ்வது குற்றமல்ல. திருமணத்தை ஒத்த உறவில் உள்ள பெண்ணையும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் காக்கிறது. ஆனால் உறவு அத்தகையது என்று மெய்ப்பிக்கும் சுமை அவள் மேல் விழுகிறது. துணை உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்குரிய வாரிசுரிமையும் கிடைக்காது.

ஆகவே இருவரும் இந்துக்களானால் சுயமரியாதைத் திருமணத்தையும் உடனடிப் பதிவையும் நான் பரிந்துரைப்பேன். ஆயினும் மணவாழ்வில் ஈட்டிய சொத்தில் மனைவிக்குப் பாதி என்று இவ்விரு திருமணச் சட்டங்களும் தானாகத் தருவதில்லை. கணவர் வெளிநாட்டில் ஈட்டிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பேணிய மனைவிக்குச் சமபங்கு உண்டு என 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது நல்ல தொடக்கம். ஆனால் அதற்கு வழக்காட வேண்டியிருந்தது. எனவே வீட்டுப் பத்திரத்தில் இருவர் பெயரும் இடம்பெறுவது குறித்து, மணநாள் குறிக்கும் முன்பே பேசி முடிக்க வேண்டும்.