உடற்கல்விக்கு ஓர் இணைய முகவரி: கூகுள் சைட்ஸ் சேவை குறித்து ஓர் உடற்கல்வி ஆசிரியரின் மதிப்புரை

அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 6 முதல் 10 வரையிலான வகுப்புகளுக்கு உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் பாடத்தைப் பற்றி ஊராருக்குத் தெரிவதெல்லாம் ஆண்டு விழா மேடையில் கை மாறும் கோப்பைகள் மட்டுமே. போட்டிகளுக்குச் செல்லும் சில பிள்ளைகளைத் தவிர, மற்றவர்கள் மைதானத்தில் வாரந்தோறும் என்ன கற்கிறார்கள் என்பது பெற்றோருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை அவர்கள் கேட்டுப் பெறவும் மாட்டார்கள். தேர்வு நெருங்கும்போது விளையாட்டுப் பாடவேளை கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடுவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நம்புகிறேன். இந்நிலையை மாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில், கூகுள் சைட்ஸ் என்னும் இலவசச் சேவையைக் கொண்டு எங்கள் உடற்கல்விக்கென்று ஓர் இணையதளம் அமைத்து, இரண்டு கல்வியாண்டுகளாக நடத்தி வருகிறேன்.

அதற்கு முன்பு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில்தான் படங்களை அனுப்பி வந்தேன். குழுவில் காலையில் இடும் செய்தி, மாலைக்குள் வாழ்த்துப் படங்களுக்கும் வீட்டுப்பாட விசாரிப்புகளுக்கும் அடியில் போய்விடும். ஜூலையில் அளந்த ஓட்ட நேரத்தையும் பிப்ரவரியில் அளந்த ஓட்ட நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அங்கே வழியில்லை. உடற்கல்வியின் பயன் மாதக்கணக்கில் மெதுவாகத் தெரிய வருவது; அதைக் காட்ட, போனால் திரும்பி வந்து பார்க்கக் கூடிய நிலையான இடம் தேவைப்படுகிறது.

தளத்தை அமைப்பது எளிது. ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும்; நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. தலைப்பு, பத்தி, படம், யூடியூப் காணொளி, நாட்காட்டி, கூகுள் ஷீட்ஸ் என்னும் அட்டவணைச் செயலியில் வரைந்த வரைபடம் ஆகியவற்றை வேண்டிய இடத்தில் பொருத்தலாம். ‘வெளியிடு’ பொத்தானை அழுத்தும் வரை திருத்தங்கள் வெளியில் தெரியாது என்பதும், ஒரே தளத்தில் பலர் இணைந்து வேலை செய்யலாம் என்பதும் பள்ளிக்கு மிகவும் உகந்த வசதிகள். எங்கள் தமிழாசிரியை பிழை திருத்திய பிறகே எந்தப் பக்கமும் வெளியாகிறது. பெற்றோரின் கைபேசித் திரைக்கு ஏற்பப் பக்கம் தானே சுருங்கிக்கொள்வதால், அதற்கென்று தனி வேலை எதுவும் இல்லை.

தளத்தின் உயிர்நாடி உடற்தகுதிப் பதிவேடுதான். மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கென வகுக்கப்பட்டுள்ள சோதனைகளையே நாங்கள் பின்பற்றுகிறோம்: 50 மீட்டர் விரைவோட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, படுத்த நிலையில் தலையையும் தோள்களையும் மட்டும் உயர்த்தி 30 வினாடிகள் செய்யும் வயிற்றுப் பயிற்சி, தண்டால், கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் எட்டுதல், உயரமும் எடையும். 1 முதல் 3 வரையிலான வகுப்புப் பிள்ளைகளுக்கு, உயரமும் எடையும் தவிர மற்றவற்றுக்குப் பதிலாக ஒற்றைக் காலில் நிற்கும் சமநிலைச் சோதனையும், இரண்டு தட்டுகளை மாறி மாறித் தொடும் சோதனையும் உள்ளன. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அளவு நாடா, ஸ்டாப்வாட்ச், எடை பார்க்கும் இயந்திரம், சில கூம்புகள் ஆகியவை போதும். கல்வியாண்டில் மூன்று முறை அளந்து, ஷீட்ஸில் பதிந்து, வகுப்பின் சராசரியை மட்டும் வரைபடமாகத் தளத்தில் இணைத்திருக்கிறேன். ஷீட்ஸில் எண்ணை மாற்றினால் தளத்தில் உள்ள வரைபடமும் மாறிவிடும் என்பது, தனி ஆளாக மைதானத்தையும் பதிவேட்டையும் கவனிக்கும் ஆசிரியருக்குப் பெரிய உதவி.

வரைபடத்துக்கு மேலே, 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் மிதமானது முதல் தீவிரமானது வரையிலான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையை இட்டிருக்கிறேன். அதன் கீழே எங்கள் பள்ளியின் வாராந்தரப் பாடவேளைகளின் எண்ணிக்கை இருக்கிறது. இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் பெற்றோருக்கு, வீட்டிலும் பிள்ளை ஓடியாட வேண்டும் என்பதை நான் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதில்லை.

இனி, இச்சேவையைப் பயன்படுத்த நினைக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்திக்கு வருகிறேன். தளத்துக்கு ஓர் அனுமதியும், அதில் இணைக்கப்படும் ஷீட்ஸ் கோப்புக்குத் தனியாக இன்னோர் அனுமதியும் உண்டு. தளம் பொதுவில் இருந்தாலும் கோப்பு பூட்டியிருந்தால் பார்வையாளருக்கு அது தெரியாது. தெரியட்டும் என்று கோப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டால், அதிலுள்ள பிள்ளைகளின் பெயர், எடை அனைத்தும் உடன் வெளியாகிவிடும். முதலாண்டில் நான் இந்தத் தவற்றைச் செய்தேன். ஒரு வகுப்பின் பட்டியல் பெயர்களோடு இரண்டு நாள் தளத்தில் இருந்தது. ஒரு மாணவியின் தாயார் பள்ளிக்கு வந்து, “சார், எம்பொண்ணு எடைய ஊரே பாக்கணுமா?” என்று கேட்டார். அவர் கேட்டது முழுக்க நியாயம். அன்றே பட்டியலை நீக்கி அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது பெயருள்ள கோப்பு தனி. அதை நானும் தலைமையாசிரியரும் மட்டுமே திறக்க முடியும். சராசரிகள் மட்டும் உள்ள கோப்பு தனி. தளத்தில் இணைக்கப்படுவது அது ஒன்றுதான். உயரம், எடை பற்றிய சராசரியைக்கூட வெளியிடுவதில்லை. படங்களும் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் பெற்ற பிறகே இடம்பெறுகின்றன. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரைக் குழந்தைகள் என்றே வரையறுத்து, அவர்களுடைய தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, கூச்சம் மிகுந்த வயதில் உள்ள பிள்ளையின் உடலளவை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதில் எனக்கு இப்போது எந்த ஐயமும் இல்லை.

சேவையின் வரம்புகளையும் சொல்ல வேண்டும். வடிவமைப்புத் தெரிவுகள் குறைவு. பார்வையாளர் கருத்து எழுத உள்ளமைந்த வசதி இல்லை. கூகுள் ஃபார்ம்ஸ் படிவம் ஒன்றை இணைத்து அதை ஈடு செய்யலாம். பக்கங்களைத் திருத்தக் கணினி முன்பு உட்கார வேண்டும்; மைதானத்தில் நின்றபடி கைபேசியிலேயே முடித்துவிடலாம் என்று எதிர்பார்க்கக் கூடாது. இலவசக் கணக்கின் 15 ஜிபி சேமிப்பிடம் மின்னஞ்சல், படங்கள், கோப்புகள் அனைத்துக்கும் பொதுவானது என்பதால், காணொளிகளை யூடியூபில் பட்டியலிடாத (தேடலில் வராத) நிலையில் ஏற்றி இணைப்பது நல்லது. ஆனால் அத்தகைய காணொளியை, இணைப்பு கையில் உள்ள எவரும் பார்க்க முடியும் என்பதை மறந்துவிடக் கூடாது. பள்ளிக்கான இணையதளம் வேண்டும் என்போருக்கு இது போதாமல் இருக்கலாம். ஒரு பாடத்துக்கான பக்கத்துக்கு இந்த அளவே நிறைவானது.

இந்தத் தளத்தால் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மை, ஒரு வெற்றுக் கட்டத்தால் வந்தது. சென்ற ஆண்டு மழையாலும், தேர்வுக்காகப் பாடவேளைகளை விட்டுக்கொடுத்ததாலும், ஏழாம் வகுப்பின் நவம்பர் மாத 600 மீட்டர் ஓட்டத்தை அளக்க முடியாமல் போயிற்று. அந்த இடத்தை அப்படியே காலியாக விட்டிருந்தேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தந்தை தம் கைபேசியைக் காட்டி, மற்ற வகுப்புகளுக்கெல்லாம் கோடு இருக்கிறதே, தம் மகன் வகுப்புக்கு மட்டும் ஏன் ஒன்றுமில்லை என்று கேட்டார். தலைமையாசிரியர் காரணத்தை மறைக்காமல் விளக்கினார். அன்று முதல், பிற பாடத்துக்காக எடுக்கப்படும் உடற்கல்விப் பாடவேளை அதே வாரத்துக்குள் திருப்பித் தரப்பட வேண்டும் என்பது எங்கள் பள்ளியின் வழக்கமாகியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஆசிரியர் அறையில் நான் கேட்டும் கிடைக்காதது இது.

தளத்தின் முகவரியைக் கியூஆர் குறியீடாக அச்சிட்டு, விளையாட்டுப் பொருள் அறையின் கதவிலும் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருக்கிறோம். ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளும் எங்கள் பள்ளியில் உண்டு. ஆகவே, மூன்று அளவீடுகளும் முடிந்ததும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் எண்கள் மட்டும் உள்ள சீட்டு ஒன்றை மடித்து, உறையிலிட்டுக் கொடுத்தனுப்புகிறேன்.