மன்னிப்பா, வழக்கா: தென்னாப்பிரிக்காவும் அர்ஜென்டினாவும்

கொடுங்கோலாட்சி போன பிறகு பழைய குற்றங்களை என்ன செய்வது? எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதற்கு வாக்கெடுப்பு நடந்தது. பலரும் தென்னாப்பிரிக்காவின் பக்கம் நின்றார்கள். நான் அர்ஜென்டினாவுக்குக் கை தூக்கினேன்.

தென்னாப்பிரிக்காவின் கதை தெரிந்ததுதான். வெள்ளையர்களின் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு, 1996-இல் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையிலான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. அரசியல் நோக்கத்தில் செய்த குற்றத்தை முழுதாக ஒப்புக்கொண்டால் பொதுமன்னிப்பு. 7,000 பேருக்கு மேல் மனுப் போட்டார்கள்; 849 பேருக்குக் கிடைத்தது. கொன்றவர்கள் வாயாலேயே நடந்ததைக் கேட்க முடிந்தது பெரிய விஷயம்தான்.

சரி, மன்னிப்புக் கிடைக்காதவர்கள்? ஆணையம் கதவைச் சாத்தியதும் கோப்புகள் எங்கே போகின்றன என்பதுதான் என் முடிவைத் தீர்மானித்தது. நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பிகோ 1977-இல் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார். சம்பந்தப்பட்ட போலீஸ்காரர்களின் மனுக்களை ஆணையம் 1999-இல் தள்ளுபடி செய்தது. ஆனாலும் வழக்குப் போட ஆதாரம் போதாது என்று 2003-இல் அரசு கைவிட்டுவிட்டது. ஆணையம் ஒப்படைத்த சுமார் 300 வழக்குகளில் நீதிமன்றம் வரை போனவை சொற்பம். மன்னிப்புப் பெற்றவர்கள் மீதோ நஷ்டஈடு வழக்குக்கூடப் போட முடியாது.

அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி முடிந்ததும் 1983-இல் அமைந்த ஆணையத்துக்கு மன்னிக்கும் அதிகாரமே கிடையாது. காணாமல் ஆக்கப்பட்ட 8,961 பேரைப் பதிவு செய்தது. திரட்டிய சாட்சியங்கள் அரசுத் தரப்புக்குப் போய்ச் சேர்ந்தன. 1985-இல் அந்த ராணுவ ஆட்சியை நடத்திய ஒன்பது தளபதிகள் கூண்டில் நின்றார்கள். அவர்களில் விடேலாவுக்கும் மசேராவுக்கும் ஆயுள் தண்டனை. அப்புறம் சறுக்கல்: 1986, 1987-இல் வழக்குகளை முடக்கும் சட்டங்கள், அதன்பின் அதிபர் மெனெம் தளபதிகளுக்கு அளித்த மன்னிப்பு. ஆனால் சிறைப்பட்ட பெண்களின் குழந்தைகளைத் திருடிய குற்றம் அந்தச் சட்டங்களுக்குள் வரவில்லை. பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 1998-இல் விடேலா மீண்டும் கைதானார். 2005-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்கள் செல்லாது என்றது. அதன்பின் தண்டனை பெற்றவர்கள் 1,000-க்கும் அதிகம். விடேலா 2013-இல் சிறையிலேயே இறந்தார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அர்ஜென்டின ராணுவம் 1982-இல் பிரிட்டனிடம் தோற்று மானமிழந்திருந்தது. தென்னாப்பிரிக்காவிலோ எதிரே அமர்ந்து பேரம் பேசிய நிறவெறி அரசினரின் கையில் துப்பாக்கி இருந்தது. மன்னிப்பு வாக்குறுதி இல்லாமல் 1994 தேர்தல் அமைதியாக நடந்திருக்குமா? என்னால் அடித்துச் சொல்ல முடியாது. 1994 இனப்படுகொலையில் பக்கத்து வீட்டாரே பக்கத்து வீட்டாரைக் கொன்ற ருவாண்டாவுக்கு இந்த இரண்டும் பொருந்துமா என்பதும் சந்தேகமே.

பேரம் பேசியே தீர வேண்டிய நாட்டிடமும் ஒன்று கேட்பேன்: மன்னிப்பு மறுக்கப்பட்டவர்கள் மீது வழக்கு நடத்தத் தனிப் பிரிவையும் அதற்கான நிதியையும், ஆணையத்தை அமைக்கும் அதே சட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.