மெடிக்கல் இமேஜிங்கில் முதல் ஆய்வு: லேப்டாப்பா, கோடை லேப்பா, கல்லூரி மேசையா?

பயோமெடிக்கல், இசிஇ, இயற்பியல் மாணவர்கள் மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் என்னிடம் வந்து கேட்பது ஒன்றுதான்: "சார், ஒளியை வைத்து உடம்பைப் பார்க்கிற துறையில ஒரு ப்ராஜெக்ட் பண்ணணும், எங்க ஆரம்பிக்கிறது?" அவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. இணையத்தில் கிடைக்கும் மருத்துவப் படங்களை இறக்கி, அவற்றைப் படித்துச் சொல்லும் புரோகிராம் எழுதலாம். கோடையில் பெரிய ஆய்வகம் ஒன்றுக்குப் போகலாம். அல்லது தன் கல்லூரியிலேயே சின்னதாக ஒரு கருவி கட்டலாம். மூன்று வழியிலும் போய்வந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் வழியைத்தான் பெரும்பாலானோர் பிடிக்கிறார்கள். செலவு கிடையாது, லேப்டாப் இருந்தால் போதும். விழித்திரை ரத்தக்குழாய்களுக்கான ட்ரைவ் தொகுப்பில் 40 படங்கள் உண்டு. 2018இல் வெளியான விழித்திரை ஓசிடி (ஒளியை வைத்துத் திசுவின் குறுக்குவெட்டைப் படமெடுக்கும் ஸ்கேன்) தொகுப்பில் 80 ஆயிரத்துக்கும் மேல். துறையும் உண்மையான துறைதான். நீரிழிவு விழித்திரை நோயைக் கண்டுபிடிக்கும் கூகுளின் 2016 ஆய்வில் அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா படங்களும் இருந்தன.

ஆனால் "98 சதவீதம் சரியா வந்துடுச்சு சார்" என்று மாணவர் வந்து நின்றால் நான் இரண்டு கேள்வி கேட்பேன். ஒரே கண்ணை ஸ்கேன் செய்தால் அடுத்தடுத்து பல குறுக்குவெட்டுப் படங்கள் வரும். புரோகிராமுக்குப் பயிற்சி தரும் படங்களிலும் அதைச் சோதிக்கும் படங்களிலும் ஒருவருடைய படங்களே கலந்திருக்கின்றனவா? கலந்திருந்தால் அந்த 98ஐ நம்ப முடியாது. அப்புறம், ஓசிடி படம் முழுக்க பொடிப்பொடியாகத் தெரிகிறதே, அது எங்கிருந்து வருகிறது? "நாய்ஸ்" (இரைச்சல்) என்பார்கள். உண்மையில் திசுவுக்குள் சிதறித் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு உண்டாக்குவது அது. இதைத் தெரியாமலே பட்டம் வாங்கிவிட முடிகிறது என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

கணினியை விட்டால் வேறு வழியே இல்லை என்பவர்களுக்கு, படத்தொகுப்பைவிட மான்டே கார்லோ நல்லது. தோலுக்குள் ஒவ்வொரு போட்டானும் (ஒளித்துகளும்) எவ்வளவு தூரம் போய் எங்கே திரும்புகிறது என்று பகடை உருட்டிக் கணக்கிடும் முறை. லிஹோங் வாங்கும் ஸ்டீவன் ஜாக்ஸும் 1990களில் எழுதிய எம்சிஎம்எல் நிரல் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் ஒரு சின்ன வடிவத்தை நீங்களே எழுதிப் பார்த்தால் போதும், சிதறல் என்றால் என்னவென்று மனதில் பதிந்துவிடும்.

கோடை ஆய்வகத்துக்கு வருவோம். இந்திய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைத் திட்டம் இரண்டு மாதம். கனடாவின் மைடாக்ஸ் குளோபலிங்க் 12 வாரம். அமெரிக்காவில் இளநிலை மாணவர்களுக்கான ஆர்இயு ஆய்வுத் திட்டங்களுக்கும் நம் மாணவர்கள் ஆசையோடு விண்ணப்பம் தயார் செய்கிறார்கள். ஆனால் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் அந்தப் பணம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும்தான், அங்கே வளரும் நம் பிள்ளைகளுக்குப் பொருந்தும். பெரிய ஆய்வகத்தின் கருவிகளும் அங்கே நடக்கும் விவாதங்களும் வேறெங்கும் கிடைக்காதவை. ஆனால் எட்டு வாரம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். என் மாணவி ஒருத்திக்கு லேசர் பாதுகாப்பு வகுப்பும் அனுமதியுமே மூன்று வாரத்தை எடுத்துக்கொண்டன. அடுத்த இரண்டு வாரம் கருவி பழுது. திரும்பி வந்தபோது அவள் கையில் இருந்தது வேறொருவர் எடுத்த தரவு.

அதனால்தான் கல்லூரி மேசைக்கு என் ஓட்டு. விரலில் நாடியையும் ரத்த ஆக்சிஜனையும் அளக்கும் மேக்ஸ்30102 என்ற சென்சாரும், அதை இயக்க ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையும் சில நூறு ரூபாயில் கிடைக்கும். சென்சாரில் 660 நானோமீட்டர் சிவப்பு, 880 நானோமீட்டர் அகச்சிவப்பு என இரண்டு எல்இடிகள். ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பைக் குறைவாகவும் அகச்சிவப்பை அதிகமாகவும் உறிஞ்சும், ஆக்சிஜன் இழந்த ரத்தம் நேர்மாறு. டகுவோ அவோயாகி 1970களில் ஜப்பானில் பிடித்த யோசனை இது. கொரோனாவில் வீட்டுக்கு வீடு வந்த பல்ஸ் ஆக்சிமீட்டரும் இதேதான்.

விரலை வைத்ததும் திரையில் நாடி அலை எழும். நன்றாக அழுத்திப் பாருங்கள், அலை தட்டையாகிவிடும். ஏசி அறையில் கை சில்லிட்டால் மெலியும். மேலே எரியும் பழைய டியூப்லைட்டின் 100 ஹெர்ட்ஸ் துடிப்புகூட எட்டிப் பார்க்கும். மருதாணி விரலுக்கு என்ன ஆகும் என்று ஒரு மாணவி கேட்டாள். அன்றைக்கு அவளுக்கு ஆய்வு தொடங்கிவிட்டது.

தோலின் நிறம் அளவீட்டை மாற்றுமா என்ற அந்தக் கேள்வி போகிற தூரம் பெரிது. 2020 டிசம்பரில் வந்த அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு, ஆக்சிமீட்டர் 92 முதல் 96 சதவீதம் வரை காட்டியபோது உண்மையில் ரத்த ஆக்சிஜன் 88க்குக் கீழே இருந்தவர்களைக் கணக்கெடுத்தது. வெள்ளையர் அளவீடுகளில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவர் அளவீடுகளில் 11.7 சதவீதம். நம் வகுப்பறையிலேயே எத்தனை தோல் நிறங்கள்! கடல்பாசியைக் காய்ச்சி, ஒளியைச் சிதறடிக்கப் பாலும் உறிஞ்சக் கறுப்பு மையும் கலந்து, நிறத்துக்கு ஒன்றாகப் போலித் தோல் வார்த்துச் சோதிக்கலாம். கறந்த பால் வேண்டாம், தினமும் கொழுப்பு மாறும், பாக்கெட் பால் பரவாயில்லை.

குறை இல்லாமல் இல்லை. வழிகாட்ட ஆள் இல்லாத கல்லூரியில் மாணவர் தேங்கிப் போவார். இந்தச் சென்சாரை வைத்து ஓசிடி கற்றுக்கொள்ளவும் முடியாது. சரி, அதற்குத்தான் கோடை லேப். இரண்டாம் ஆண்டு முடிவில் சென்சாரைத் தொடுங்கள், மூன்றாம் ஆண்டில் விண்ணப்பம் எழுதும்போது உங்கள் விரலில் எடுத்த வரைபடம் ஒன்றையும், அது எங்கே தவறியது என்று இரண்டு வரியையும் சேர்த்து அனுப்புங்கள்.