கடுங்காப்பியா, பால் காப்பியா: ஜீரணம் என்ன சொல்கிறது?

காலைக் காப்பியில் பால் சேர்ப்பதை நிறுத்திவிட்டேன். மாலையில் பால் காப்பிதான். ருசியை வைத்து இரண்டையும் ஒப்பிட வேண்டியதில்லை. நுரை ததும்பும் டபரா காப்பிக்கு முன்னால் கடுங்காப்பி நிற்காது. பாலில் கால்சியமும் புரதமும் உண்டு என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. நான் முடிவெடுத்தது வேறொரு கேள்வியை வைத்து: காப்பியிலுள்ள ஆன்டி-ஆக்ஸிடன்ட்களில் எவ்வளவு ஜீரணத்தைத் தாண்டி உடம்பில் சேருகிறது?

அவற்றில் முக்கியமானவை குளோரோஜெனிக் அமிலங்கள். இரைப்பையின் புளிப்பை அவை பெரும்பாலும் தாங்கிவிடும். அடுத்துச் சிறுகுடல். 2001-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், பெருங்குடல் நீக்கப்பட்ட 7 பேரிடம் இதை அளந்தார்கள். சிறுகுடல் உறிஞ்சியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அப்படியென்றால் நமக்கெல்லாம் மீதி இரண்டு பங்கு பெருங்குடலுக்குப் போகிறது. அது வீணாகிவிடுவதில்லை. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை உடைத்து, டைஹைட்ரோகாஃபீக் அமிலம் போன்ற சின்னச் சின்னப் பொருள்களாக மாற்றுகின்றன. குடித்து நாலைந்து மணி நேரம் கழித்து ரத்தத்தில் உச்சத்துக்கு வருபவை இவைதான். காலை ஏழு மணிக் காப்பியின் பெரும்பகுதி வேலை மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் நடக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

சரி, இதில் பால் என்ன செய்கிறது? பாலின் கேசீன் புரதம் குளோரோஜெனிக் அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். ஜீரண நொதிகள் புரதத்தைச் சிதைக்கும்போது அந்தப் பிடி தளரும். முழுதாகத் தளர்கிறதா என்பதில்தான் ஆய்வுகள் பிரிகின்றன. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், 10 சதவீதம் பால் கலந்த காப்பிக்கும் கறுப்புக் காப்பிக்கும் ரத்தத்தில் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. சர்க்கரையும் பால் அல்லாத க்ரீமரும் கலந்த காப்பியில்தான் உறிஞ்சுவது தாமதமானது. 2011-ல் பிரேசிலில், காப்பியைத் தண்ணீரிலும் முழுப் பாலிலும் தனித்தனியாகக் கரைத்துக் கொடுத்து, 24 மணி நேரச் சிறுநீரைச் சோதித்தார்கள். குடல் உறிஞ்சியதுதான் பிறகு சிறுநீரில் வெளிவரும். தண்ணீர்க் காப்பியில், குடித்த குளோரோஜெனிக் அமிலத்தில் சராசரியாக 68 சதவீதம் வெளிவந்தது. பால் காப்பியில் 40.

இரண்டுமே இன்ஸ்டன்ட் காப்பியை வைத்துச் செய்தவை. பிரேசில் ஆய்வில் இருந்தது 5 பேர், ஆளுக்கு ஆள் வித்தியாசமும் அதிகம். அதனால் 68, 40 என்ற எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள நான் தயாரில்லை. ஆனால் நம் வீட்டு டம்ளரைப் பாருங்கள்: கொஞ்சம் டிகாஷன், மீதியெல்லாம் பால். ஐரோப்பியர் விடும் ஒரு சொட்டுப் பாலுக்கான முடிவைவிட, முழுப் பாலுக்கான முடிவுதான் நமக்குக் கிட்டத்தில் நிற்கிறது. என்னைக் கடுங்காப்பியின் பக்கம் சாய்த்தது இதுதான். பால் சேர்த்தால் எல்லாம் போய்விடும் என்று சொல்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். பால் காப்பியிலும் கணிசமாகவே மிஞ்சுகிறது. சோயா பால், ஓட்ஸ் பால் எல்லாம் நான் பழகியதில்லை, அதனால் அவற்றைப் பற்றிப் பேசவில்லை.

வறுவலையும் பார்க்க வேண்டும். கொட்டை கருக்கக் கருக்கக் குளோரோஜெனிக் அமிலம் சிதைந்து குறையும். பதிலாக உருவாகும் பழுப்பு நிற மெலனாய்டின்கள் சிறுகுடலில் ஜீரணமாகாமல் நார்ச்சத்தைப் போலப் பெருங்குடல் வரை போகின்றன. எனவே கருவறுவலும் வெறுமையானதல்ல. இருந்தாலும் நான் வாங்குவது மிதமான வறுவல். பால் இல்லாமல் குடிக்க அதுதான் கசப்பும் குறைவு. சிக்கரி கலந்த பொடியாக இருந்தால் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். சட்டப்படி 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். அவ்வளவு இருந்தால் பாலைப் பற்றிய இந்தக் கணக்கெல்லாம் பாதிக் காப்பிக்குத்தான்.

வெறும் வயிற்றில் கடுங்காப்பி குடித்து நெஞ்செரிச்சல் வருபவர்கள் பால் காப்பியிலேயே இருக்கலாம். ரத்தசோகை உள்ளவர்கள் எந்தக் காப்பியானாலும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். குளோரோஜெனிக் அமிலம் போன்ற, காப்பியின் பாலிஃபீனால்கள் உணவிலுள்ள இரும்பையும் பிடித்துக்கொள்கின்றன. 1983-ல் வந்த ஆய்வில், சாப்பாட்டோடு ஒரு கப் காப்பி குடித்தபோது இரும்பு உறிஞ்சுவது 39 சதவீதம் குறைந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் அதே அளவு குறைந்தது. ஒரு மணி நேரம் முன்னதாகக் குடித்தபோது குறையவில்லை. என் காலைக் காப்பியும் டிபனுக்கு ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிடும்.