கில் கொடுத்தும் போகாத பிராசஸா? பாளையங்கோட்டை சர்வீஸ்காரர்களைக் கூப்பிடுங்கள்

திருநெல்வேலி டவுனில் எங்கள் ஜவுளிக்கடையின் பில்லிங், எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற இலவச டேட்டாபேஸ் மென்பொருளில் ஓடுகிறது. எங்களிடம் இருக்கும் எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளர முடியாது. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து சேர்ந்த பில்கள் அந்த அளவை நெருங்கவும், சாஃப்ட்வேர்காரர்கள் பழைய வருஷங்களை மொத்தமாக அழிக்கும் வேலையைப் பட்டப்பகலில், அதுவும் ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் ஓடவிட்டார்கள். எல்லா கவுண்டரும் நின்றுபோனது. கில் (ஓடும் வேலையை நிறுத்தும் கட்டளை) கொடுத்தும் அந்த பிராசஸ் போகவில்லை, 'கில்டு/ரோல்பேக்' என்று காட்டிக்கொண்டு அங்கேயே கிடந்தது. சாஃப்ட்வேர்காரர்களிடம் போனில் கேட்டால் ரீஸ்டார்ட் பண்ணுங்கள் என்ற ஒரே பதில்.

பாளையங்கோட்டை சர்வீஸிலிருந்து வந்த பெண் உள்ளே நுழையும்போதே "அண்ணாச்சி, சர்வரை மட்டும் ஆஃப் பண்ணிராதீங்க" என்றார். கில் கட்டளையோடு 'வித் ஸ்டேட்டஸ்ஒன்லி' சேர்த்து ஓட்டினார், ரோல்பேக் எவ்வளவு முடிந்தது என்று அது காட்டும் சதவீதம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அழித்ததையெல்லாம் அது திரும்ப வைக்கிறது, நடுவில் ரீஸ்டார்ட் செய்தால் சர்வர் எழுந்ததும் அதே வேலையை விட்ட இடத்திலிருந்து செய்யும், அதுவரை டேட்டாபேஸ் 'இன் ரெக்கவரி' என்ற மீட்பு நிலையில் மாட்டி யாராலும் திறக்கவே முடியாமல் போகலாம் என்று பொறுமையாகச் சொன்னார். காத்திருந்தோம், தானாகவே முடிந்தது. அப்புறம் கடை அடைத்த பிறகு, சின்னச் சின்னப் பகுதியாக அழிக்க எழுதிக் கொடுத்தார்.

இன்னொரு முறை அதே 'ரோல்பேக்', ஆனால் சதவீதம் பூஜ்யத்திலேயே நின்றது. இது வேறு கேஸ் என்று உடனே பிடித்துவிட்டார். எக்ஸ்பி_சிஎம்டிஷெல் (டேட்டாபேஸிலிருந்தே விண்டோஸ் கட்டளைகளை ஓட்டும் வசதி) வழியாகக் கிளப்பிய ஒரு எக்ஸ்போர்ட் புரோகிராம், கண்ணுக்குத் தெரியாத விண்டோவில் 'யெஸ்' கேட்டு உட்கார்ந்திருந்தது. டாஸ்க் மேனேஜரில் அந்த புரோகிராமை முடித்ததும் பிராசஸும் போய்விட்டது. எப்போது காத்திருக்க வேண்டும், எப்போது கை வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் நம்ம பக்கத்திலேயே இருப்பது பெரிய விஷயம், எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

குறை இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பதில்லை, ஜவுளிக்கடைக்கு அன்றைக்குத்தான் வியாபாரமே. செய்ததைப் பேப்பரில் தருவதும் இல்லை, கேட்டு வாங்க வேண்டும். கட்டணம் நியாயம்தான்.

கூப்பிடுவதற்கு முன் எஸ்பி_ஹூ2 (சர்வரில் இப்போது ஓடுபவற்றைப் பட்டியலிடும் கட்டளை) ஓட்டி, யார் யாரை மறிக்கிறார்கள் என்ற பகுதி தெரியும்படி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், கிளம்பும் முன்பே எந்த பிராசஸ் என்று சொல்லிவிடுவார்கள்.