குளிரில் ஸ்டார்ட் ஆகாத பழைய காரை மதியத்தில் சோதித்துத் தரப்படும் தீர்ப்பை நம்பாதீர்கள்

16 ஆண்டுகள் ஓடிய என் பெட்ரோல் கார், குளிர் தொடங்கியதிலிருந்து விடியற்காலைகளில் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் தொல்லை கொடுத்தது. சாவியைத் திருப்பினால், என்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு 'டக்' என்று நின்றுவிடும். அதே கார் மதியம் ஒரே திருப்பில் கிளம்பிவிடும். இந்தப் பழுதுக்காக ஒரு ஒர்க்‌ஷாப்பில் மூன்று முறை பணம் கட்டி மூன்று பெரிய பாகங்களை மாற்றினேன். கடைசியில் காரணமாக இருந்தது, மின்சாரம் பேட்டரியின் மைனஸ் முனைக்குத் திரும்பும் பாதையாக என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே போகும், ஒரு முழ நீளம்கூட இல்லாத எர்த் பட்டை. என் பணம் திரும்பப்போவதில்லை. பழைய கார் வைத்திருக்கும் வேறொருவர் இதே வழியில் ஏமாறக் கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

முதல் முறை, பக்கத்து வீட்டுக் காரின் பேட்டரியிலிருந்து ஜம்ப் கேபிள் போட்டுக் கிளப்பி, நண்பகலில் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிச் சென்றேன். மெக்கானிக் சாவியைத் திருப்பியதும் என்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. மீட்டர் எதையும் கையில் எடுக்காமலேயே, செல்ஃப் மோட்டார் தேய்ந்துவிட்டது, புதிதுதான் போட வேண்டும் என்றார். நானும் சம்மதித்தேன். அடுத்த இரண்டு நாட்கள் குளிர் குறைவாக இருந்ததால் பழுது சரியாகிவிட்டது என்றே எண்ணினேன். மூன்றாம் நாள் காலையில் அதே 'டக்'.

இரண்டாம் முறை அவர்களே வீட்டுக்கு வந்து, தங்கள் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பிக் காட்டி, "பாருங்க சார், பேட்டரிதான் போயிடுச்சு" என்றார்கள். கண்ணெதிரே கண்ட சான்றாக அது தோன்றியதால் மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. புதிய பேட்டரி போட்ட பிறகும் குளிர்ந்த காலைகளில் நிலைமை மாறாதபோது, மூன்றாவதாக, என்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப்பைக் காரணம் காட்டி அதையும் மாற்றினார்கள். இப்போது நினைத்தாலும் மனம் வேகிறது. பம்ப்பிலோ, ஸ்பார்க் பிளக்கிலோ, குளிரில் காற்றோடு கலக்கும் பெட்ரோலைக் கூட்டச் சொல்லும் வெப்பநிலை சென்சாரிலோ கோளாறு என்றால் செல்ஃப் விறுவிறுப்பாகச் சுற்றும், என்ஜின் மட்டும் பிடிக்காது. செல்ஃப் சுற்றவே திணறுகிறது என்றால் கோளாறு பேட்டரி, கேபிள், மோட்டார் ஆகிய மின்சாரப் பக்கத்திலோ, குளிரில் கெட்டிப்பட்ட ஆயிலிலோதான் இருக்க வேண்டும். தொழில் தெரிந்த எவருக்கும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய இந்த வேறுபாட்டை, அவர்கள் அறியாமல் விட்டார்களா, அறிந்தே மறைத்தார்களா என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

பிறகு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் காரை அன்று தொடவே இல்லை. இரவு முழுவதும் வெளியே நிறுத்திவைத்துவிட்டு, காலையில் நான் வந்த பிறகுதான் மல்டிமீட்டரை எடுத்தார். ஓய்வு நிலையில் பேட்டரி 12.5 வோல்ட் காட்டியது. முழு சார்ஜில் 12.6 அளவில் இருக்கும் என்பதால் அதில் குறை ஒன்றும் இல்லை. அடுத்து மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் மறு முனையை என்ஜின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். அந்தப் பாதையில் வீணாகும் வோல்ட் இப்படித் தெரியும்; 0.2 வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டிய இடத்தில் 1.6 வோல்ட் காட்டியது. எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றியபோது அதன் அடியில் துரு படிந்திருந்தது. பட்டையின் செம்புக் கம்பிகளில் பாதி பச்சை பூத்து உதிர்ந்துபோயிருந்தன.

குளிரில் மட்டும் இது தலைகாட்டியதற்கு அவர் சொன்ன விளக்கம் எளிமையானது. ஆயில் கெட்டிப்படுவதால் என்ஜினைச் சுழற்ற அதிக விசை வேண்டும். மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். குளிர்ந்த பேட்டரியோ வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் தரும். துருப்பிடித்த இணைப்பின் தடை ஒரு ஓமில் நூறில் ஒரு பங்குதான் என்றாலும், 160 ஆம்பியர் ஓடும்போது அங்கே 1.6 வோல்ட் வீணாகிவிடுகிறது. மதியத்தில் 100 ஆம்பியர் போதும்போது இழப்பு 1 வோல்ட்டோடு நிற்பதால் கார் கிளம்பிவிடுகிறது. ஜம்ப் கேபிளின் மைனஸ் கிளிப்பை வழக்கம்போல என்ஜின் உலோகத்தில்தான் மாட்டுவார்கள். அப்படி மாட்டிய கணத்தில் கெட்டுப்போன எர்த் பட்டையைச் சுற்றிக்கொண்டு மின்சாரத்துக்கு வேறு பாதை கிடைத்துவிடுகிறது. பேட்டரி போய்விட்டது என்பதற்கு எனக்குக் காட்டப்பட்ட சான்று, உண்மையில் எர்த் கெட்டிருக்கிறது என்பதற்கான சான்று.

பில்லில் 'புதியது' என்று எழுதிய செல்ஃப் மோட்டாரையும் அவர் அடியிலிருந்து பார்த்தார். துருக்குழிகளின் மேல் பெயின்ட் பூசியிருந்தது, போல்ட் தலைகள் ஸ்பேனர் பட்டுத் தேய்ந்திருந்தன. பழையதைப் பிரித்துச் சீர்செய்து மாட்டியிருக்கிறார்கள். கழற்றிய என் பழைய மோட்டாரைக் கேட்டபோது பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பழைய பேட்டரிக்கு அதிலுள்ள ஈயத்துக்காகவே விலை உண்டு. அதையும் என் கணக்கில் கழிக்கவில்லை.

ஆகவே இத்தகைய பழுதோடு போகிறவர்கள் காரை முந்தின நாள் மாலையே விட்டுவிட்டு, குளிர்ந்த என்ஜினில் உங்கள் முன்னிலையில் சோதிக்கும்படி வற்புறுத்துங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் எத்தனை வோல்ட், எர்த் பக்கம் எத்தனை வோல்ட் இழப்பு, பாசிட்டிவ் கேபிளில் எத்தனை என்ற மூன்று எண்களையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலையான இதற்குத் தயங்குபவரிடம் பாகம் மாற்றச் சம்மதிக்காதீர்கள். கழற்றும் பாகம் உங்களிடமே திரும்ப வர வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மீட்டர் உள்ளவர்கள் வீட்டிலேயே அளக்கலாம். ஆனால் கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் அருகே கையோ துணியோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிய எர்த் பட்டை போட்டு, போல்ட் உட்காரும் இடத்தை உலோகம் தெரியத் தேய்த்த பின் இழப்பு 0.1 வோல்ட்டுக்கு இறங்கியது. அதன் பிறகு வந்த மிகக் குளிரான காலைகளிலும் கார் முதல் திருப்பிலேயே கிளம்புகிறது. அளவுகளோடும் படங்களோடும் பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் கேட்டேன். மாற்றிய பாகங்கள் எல்லாம் எப்படியும் ஒரு நாள் மாற்ற வேண்டியவைதான் என்று சொல்லி, பணத்தில் ஒரு பகுதியைக்கூடத் தர மறுத்துவிட்டார்கள்.