நிக்கோன் டி3500: சவாரித் திடலுக்குச் செக்கனுக்கு ஐந்து படம் போதுமா?

போதும் என்பதுதான் என் பதில். நிக்கோன் டி3500 கமரா வெளிவந்தது 2018இல். செக்கனுக்கு அதிகபட்சம் 5 படம் எடுக்கும். சில வருடங்களாக யாழ்ப்பாணத்தில் மாட்டுவண்டிச் சவாரி, பாடசாலை மெய்வல்லுநர் போட்டி, துடுப்பாட்டம் என்று எல்லாவற்றுக்கும் இதையேதான் பாவிக்கிறேன். வேகம் குறைவு என்று இதைத் தள்ளிவைப்பவர்கள் முதலில் பஃபரைக் கவனிக்க வேண்டும்.

பொத்தானை அழுத்திப் பிடித்தால் படங்கள் நேரே மெமரி காட்டுக்குப் போவதில்லை. கமராவுக்குள் இருக்கும் பஃபரில் சேர்ந்து, அங்கிருந்துதான் காட்டில் பதிகின்றன. சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரோவில் எடுத்தால் ஒரு கோப்பே 20 எம்பியைத் தாண்டும். சில செக்கன்களில் பஃபர் நிறைந்து கமரா தடுமாறத் தொடங்கும். சவாரியில் வண்டிகள் எல்லைக்கோட்டை நெருங்குவதும் அநேகமாக அந்த நேரத்தில்தான். அதனால் ஓட்டமும் பாய்ச்சலும் எனக்கு எப்போதும் ஜேபெக் ஃபைன், அதாவது கமராவே சுருக்கித் தரும் சிறிய கோப்பு. அதில் ஒரே அழுத்தில் 100 படம் வரை கமரா இடம்தரும். பொத்தானைப் பாதி அழுத்தினால் வியூஃபைண்டரில் ஆர் எழுத்தோடு ஓர் எண் வரும். பஃபரில் இன்னும் எத்தனை படத்துக்கு இடம் இருக்கிறது என்பதை அது சொல்லும். நிழலையும் வெளிச்சத்தையும் சமன்செய்யும் ஆக்டிவ் டி-லைட்டிங், லென்ஸின் வளைவைத் திருத்தும் ஆட்டோ டிஸ்டோர்ஷன் கன்ட்ரோல் இரண்டையும் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அவை மேலதிக வேலை வைக்கின்றன.

காட் வாங்கும்போது முகப்பில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 170, 200 எல்லாம் வாசிக்கும் வேகம். நமக்குத் தேவை எழுதும் வேகம். வி30 என்று போட்டிருந்தால் தொடர்ந்து எழுதும்போது செக்கனுக்குக் குறைந்தது 30 எம்பி உறுதி. இன்னும் வேகமான யூஎச்எஸ்-2 வகைக் காட்டுக்குக் காசு கொட்ட வேண்டாம், இந்தக் கமரா யூஎச்எஸ்-1 உடன் நின்றுவிடும்.

சரி, ஃபோகஸ். மொத்தம் 11 புள்ளிகள், அவற்றில் நடுப்புள்ளி மட்டும்தான் குறுக்கு வகை, கிடைக்கோடு செங்குத்துக்கோடு இரண்டையும் பிடிக்கும். காளைகள் நேரே நம்மை நோக்கி வரும்போது அந்த நடுப்புள்ளியை மட்டும்தான் நம்புகிறேன். 3டி டிராக்கிங் நிறத்தைப் பார்த்துப் பின்தொடர்வது. செம்மண் புழுதிக்குள் மண்ணிற மாட்டை அது தவறவிடும். நகரும் பொருளைத் தொடர்ந்து ஃபோகஸ் பண்ணும் ஏஎஃப்-சியில் வைத்து, புள்ளியை நுகத்தில் பிடியுங்கள். மாட்டின் வழவழப்பான நெற்றியைவிட நுகத்தின் விளிம்பிலும் கயிற்றிலும் ஃபோகஸ் சட்டென்று பிடிக்கும். மெனுவில் ஏஇ-எல் பொத்தானுக்கு ஏஎஃப்-ஓன், அதாவது ஃபோகஸைத் தொடக்கும் வேலையைக் கொடுத்துவிட்டால் பெருவிரல் ஃபோகஸைப் பார்த்துக்கொள்ளும், ஆட்காட்டி விரலுக்குப் படம் எடுப்பது மட்டும்தான் வேலை. இந்த ஒரு மாற்றம் தந்த பலனை வேறு எதுவும் எனக்குத் தரவில்லை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து நில்லுங்கள். முன்வண்டியின் புழுதி உங்கள் பக்கம் வந்தால் பின்வண்டிக்கு ஃபோகஸே கிடைக்காது. அந்தப் புழுதிக்குள் லென்ஸ் மாற்றவே வேண்டாம்.

மெனுவல் மோடில் ஷட்டர் 1/1000 செக்கன், ஒளியுணர்திறனைக் கமராவே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு உச்சம் 3200. பின்னேர வெயில் சாயும்வரை இது தாங்கும்.

துடுப்பாட்டத்தில் கணக்கு வேறு. 1904இல் தொடங்கிய வடக்கின் சமரில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும்போது, மணிக்கு 110 கிலோமீற்றரில் வரும் பந்து இரண்டு படங்களுக்கு இடையில் 6 மீற்றர் கடந்துவிடும். பந்து மட்டையில் படும் கணம் தொடர் அழுத்தில் மாட்டுவது வெறும் அதிர்ஷ்டம். அதற்கு ஒற்றைப் படம், நேரம் பார்த்து ஒரே அழுத்து. தொடர் அழுத்தை ரன் அவுட், விக்கெட் காப்பாளரின் பாய்ச்சல், ஆட்டமிழப்புக் கொண்டாட்டம் ஆகியவற்றுக்கு வைத்திருங்கள். இதற்கு மாறாக, உயரம் பாய்தலுக்குச் செக்கனுக்கு ஐந்து தாராளம். உச்சியில் மேல்நோக்கிய வேகம் அடங்கிவிடுவதால் தடிக்கு மேலே உடல் வளையும் படம் ஒன்றாவது கிடைக்கும்.

இந்தக் கமராவை நான் பரிந்துரைக்காத இடம் ஒன்று உண்டு: இரவுக் கரப்பந்தாட்டம். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பல விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மங்கித் தெளியும். 1/1000இல் தொடர்ந்து எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாக, அடுத்தது இருட்டாக, நிறமும் மாறி வரும். டி3500இன் ஃபிளிக்கர் குறைப்பு வீடியோவுக்கும் லைவ் வியூவுக்கும்தான். ஷட்டரை 1/100க்கு இறக்கினால் வெளிச்சம் சீராகும், ஆனால் அடிக்கும் கை கலங்கிவிடும்.

இதே வகையில் கனொன் 1500டி செக்கனுக்கு 3 படம்தான், சவாரிக்கு நான் எடுக்கமாட்டேன். 2014இல் வந்த சோனி ஏ6000 செக்கனுக்கு 11 எடுக்கும். ஆனால் நீளமாக அழுத்தினால் பஃபர் காலியாகும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

டி3500 வாங்குகிறவர்கள் லென்ஸில் கவனமாக இருங்கள். இதன் உடலில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. பழைய ஏஎஃப் லென்ஸ் மலிவாகக் கிடைத்தாலும் கையால்தான் ஃபோகஸ் பண்ண வேண்டும், ஓடிவரும் மாட்டுக்கு அது சரிவராது. ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான் பாவிப்பது ஏஎஃப்-பி 70-300 விஆர்.